அமெரிக்கக் கிறிஸ்தவப் பள்ளியில் தொடக்க வகுப்பு: பெற்றோர் கேட்டவை

அமெரிக்காவில் கிறிஸ்தவத் தனியார் பள்ளிகளில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் என்பதால், பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்பது வழக்கம். இந்த முறை வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

நான் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்தவன். இங்கேயும் அப்படித்தானே இருக்கும், அக்கா? (டல்லாஸ், ஒரு அப்பா)

அந்த நினைப்போடு வராதீர்கள். நம் ஊரில் காலையில் ஜெபம், வாரத்தில் ஒன்றிரண்டு நன்னெறி வகுப்பு, மற்றதெல்லாம் எல்லாரும் படிக்கிற அதே பாடத்திட்டம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளி, சம்மதம் இல்லாமல் ஒருவருக்கு மதபோதனை செய்யக்கூடாது என்று அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு வேறு இருக்கிறது.

இங்கே கதை வேறு. அரசுப் பள்ளி நடத்தும் ஜெபமும் வேத வாசிப்பும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962, 1963இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகான இருபது ஆண்டுகளில் சுவிசேஷ சபைகள் ஏராளமான பள்ளிகளைத் திறந்தன. (தென் மாநிலங்களில் சில பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க மனமில்லாமல் திறக்கப்பட்டவை. அதையும் மறைக்க வேண்டியதில்லை.) தங்களுக்கென்று பாடப்புத்தகங்களையும் எழுதிக்கொண்டார்கள். அதனால் வேதம் தனி பீரியடாகவும் இருக்கும், அறிவியலிலும் வரலாற்றிலும் வாசிப்புப் புத்தகத்திலும் இருக்கும்.

பள்ளிக்குப் பள்ளி பாடத்திட்டம் மாறுமா? எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? (ஷார்லட்)

நன்றாகவே மாறும். பள்ளியின் பெயரை விட்டுவிட்டு, புத்தகத்தின் பதிப்பகம் எது என்று கேளுங்கள். ஃபுளோரிடாவின் பென்சகோலாவிலிருந்து வரும் அபெக்கா என்றால் மனப்பாடம், ஃபிளாஷ் கார்டு, கணக்கில் வேகப் பயிற்சி. தெற்குக் கரோலினாவின் பி.ஜே.யு. பிரஸ் கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஏ.சி.இ. முறையில் ஆசிரியர் முன்னால் நின்று பாடம் எடுப்பதே குறைவு. தடுப்பு வைத்த மேசையில் பிள்ளை தனியாக உட்கார்ந்து, பாடத்துக்கு ஆண்டுக்கு 12 என்ற கணக்கில் சிறு புத்தகங்களை முடிக்கும். சந்தேகம் வந்தால் மேசைமேல் ஒரு குட்டிக் கொடியை நட்டுவைத்துக் காத்திருக்க வேண்டும். தேர்வில் 80 சதவீதம் வந்தால்தான் அடுத்த புத்தகம். அமைதியான பிள்ளைக்கு ஒத்துவரலாம். வாயாடிக்கு அது தண்டனை என்பேன்.

கிளாசிக்கல் கிறிஸ்தவப் பள்ளி என்று போட்டிருந்தால் மூன்றாம் வகுப்பு வாக்கில் லத்தீன் வரும், பயந்துவிடாதீர்கள். கணக்குக்கு மட்டும் பல பள்ளிகள் சாக்ஸன், சிங்கப்பூர் மேத் போன்ற பொதுவான புத்தகங்களையே வைத்துக்கொள்கின்றன.

படிக்கச் சொல்லித்தருவதில் கெட்டி என்கிறார்களே, நிஜமா? (டாம்பா, ஒரு அம்மா)

பெரும்பாலும் நிஜம்தான். அரசுப் பள்ளிகள் பல படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொன்ன காலத்திலும் இவர்கள் எழுத்தின் ஒலியைச் சேர்த்துப் படிக்கிற ஃபோனிக்ஸ் முறையை விடவில்லை. அபெக்காவில் ஏணிப் படம் ஒன்று உண்டு. 'பி' எழுத்தின் ஒலியோடு ஐந்து குறில் உயிர்களையும் ஒவ்வொரு படியாகச் சேர்த்து வகுப்பே உரக்கச் சொல்லும். நம் உயிர்மெய் வரிசை மாதிரிதான், தாத்தா பாட்டி பார்த்தால் சிரிப்பார்கள். அப்புறம் விதி வரும்: ஒரே உயிரெழுத்து இருந்தால் குறில், 'கிட்'. கடைசியில் ஓர் 'ஈ' சேர்ந்தால் முதல் உயிர் தன் பெயரையே சொல்லும், அது 'கைட்'. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தெரியாத சொல்லைக் கண்டால் அம்மா முகத்தைப் பார்க்காது, அந்த விதியைப் போட்டுப் பார்க்கும்.

கூட்டெழுத்து (கர்சிவ்), ஸ்பெல்லிங் தேர்வு, கவிதை ஒப்பித்தல் எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வாரம் ஒரு மனப்பாட வசனமும் உண்டு. பைபிளின் 23ஆம் சங்கீதம் மாதிரி முழு அதிகாரமும் வரும். பழைய கிங் ஜேம்ஸ் ஆங்கிலமா, புதிய மொழிபெயர்ப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு முந்தையது நாக்கைப் பிரட்டும்.

நாங்கள் இந்துக் குடும்பம். சேர்த்துக்கொள்வார்களா? பைபிள் வகுப்பு வேண்டாம் என்று சொல்லலாமா? (ஃபீனிக்ஸ்)

சில பள்ளிகள் பெற்றோரில் ஒருவராவது விசுவாசியாக இருக்க வேண்டும் என்பார்கள், போதகரின் கடிதமும் கேட்பார்கள். அங்கே உங்களுக்கு இடமில்லை. வேறு சில எல்லாரையும் எடுக்கும். கத்தோலிக்கப் பள்ளிகள் பொதுவாக எடுக்கும். ஆனால் பைபிள் வகுப்பிலிருந்து விலக்கு அநேகமாகக் கிடைக்காது, அதற்கு மதிப்பெண்ணே உண்டு. வாராந்தர சேப்பல் வழிபாட்டிலும் பிள்ளை உட்கார வேண்டும். கத்தோலிக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் பாதி வகுப்பு புதுநன்மைக்கு (முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு) தயாராகும்போது உங்கள் பிள்ளை, 'எனக்கு ஏன் இல்லை?' என்று வீட்டுக்கு வந்து கேட்கும். அந்தப் பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

உங்கள் அரிசோனாவில் 2022 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு எல்லாருக்கும் அரசுப் பணம் கிடைப்பதால் நிறையப் பேர் இந்தப் பள்ளிகளை எட்டிப்பார்க்கிறார்கள். பணம் அரசுடையது என்பதற்காகப் பள்ளி பாடத்தை மாற்றிக்கொள்ளாது.

வரலாற்றுப் பாடத்தில் இந்தியா வருமா? (ராலே)

கொஞ்சம். சின்ன வகுப்புகளில் அமெரிக்காதான் மையம். இந்தியா பெரும்பாலும் மிஷனரிகளின் கதை வழியாக நுழையும்: வில்லியம் கேரி, டோனாவூர் ஏமி கார்மைக்கேல். நெல்லைக்காரர்களுக்கு ஊர்ப் பெயர் பார்த்ததும் குஷிதான். மிச்ச இந்தியாவை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

அறிவியலில் ஆறு நாள் படைப்பா? (ஆஸ்டின், ஐ.டி. வேலையில் இருக்கும் அம்மா)

அபெக்கா, பி.ஜே.யு. புத்தகங்களில் ஆம். ஆதியாகமத்தின் ஆறு நாள், சில ஆயிரம் வயதுள்ள பூமி. தாவரம், காந்தம், எலும்பு, வானிலை எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். டைனோசர், புதைபடிவம் வரும் பக்கத்தில்தான் பாதை பிரியும். கத்தோலிக்கப் பள்ளியில் இந்தச் சண்டை பெரும்பாலும் இல்லை. பரிணாமத்தை ஆராயலாம் என்று போப் 12ஆம் பத்திநாதர் (பயஸ்) 1950இலேயே வழிவிட்டார். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டுங்கள். 'வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்' என்பவர்கள் நிறைய. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எட்டு வயதில் டீச்சர் சொல்லே வேதவாக்கு.

மகனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவை. கிறிஸ்தவப் பள்ளியில் கிடைக்குமா? (அட்லாண்டா)

அரசுப் பள்ளியில் ஐ.இ.பி. (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) சட்டப்படியான உரிமை. நீங்களாகத் தனியார் பள்ளியில் சேர்த்தால் அந்த உரிமை உங்களோடு வராது. மதிப்பீடு செய்துதர அரசுப் பள்ளி மாவட்டம் கடமைப்பட்டது. சிகிச்சை நேரம் குறைவாகவே கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம். கட்டணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஹாலோவீன்? (டாம்பாவிலிருந்தே)

பெரும்பாலும் கிடையாது. அறுவடை விழா என்று பூசணிக்காயோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்து அரசுப் பள்ளிக்கு மாற்றினால் திணறுமா? (ஹூஸ்டன்)

வாசிப்பு, இலக்கணத்தில் திணறாது. கணக்கில் பெருக்கல் பறக்கும், 'எப்படி வந்தது, விளக்கு' என்றால் கொஞ்சம் விழிக்கும். மாநிலத் தேர்வை எழுதியே இருக்காது. அயோவா, ஸ்டான்ஃபோர்டு, மேப் போன்ற தேர்வுகளின் மதிப்பெண்தான் கையில் இருக்கும், அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஆறாம் வகுப்பில் உயர்நிலைக் கணக்குப் பிரிவு வேண்டுமென்றால் அதற்கான தேர்வைப் பல மாவட்டங்கள் முந்தைய வசந்த காலத்திலேயே முடித்துவிடும். ஜனவரியிலேயே ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.