ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே சொந்தமாகப் பாடல் பதிவுசெய்து வெளியிட முடியுமா? நேரம் எப்படிக் கிடைக்கும்?

முடியும். ஆனால் நேரத்தைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள், தொண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. வேலையில் சேர்ந்து ஓராண்டு கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

நான் பாம்பனில் வேதியியல் ஆசிரியை, பதினோரு ஆண்டுகளாக. நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை. மின்விசிறி இரைச்சலையும் ஐம்பது பிள்ளைகளையும் மீறிக் கத்த வேண்டும். முதல் பாட்டைத் தொடங்கியபோது பள்ளி விட்டு வந்து, தேநீர் குடித்துவிட்டு, ஆறு மணிக்கு மைக் முன் உட்காருவேன். சரணத்தில் மேல் ஸட்ஜத்தை, அதாவது உச்ச 'ஸ' சுரத்தை, தொட்டதும் குரல் பழந்துணி போலக் கிழியும். மைக்தான் மட்டம் என்று எண்ணிக் கடன் வாங்கி, நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டன்சர் மைக் ஒன்று வாங்கினேன். அது கிழிசலை இன்னும் துல்லியமாகக் காட்டியது.

விடிகாலை நான்கு மணிக்கு மாற்றினேன். குரல் இருந்தது, கடற்கரை விடவில்லை. விசைப்படகு இஞ்சின், மீன் ஏற்ற வரும் லாரி, ஐஸ் உடைக்கும் சத்தம். பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிட்டால் உறுமல் கொஞ்சம் அடங்கும். ஐஸ் அடங்காது.

கடைசியில் கைகொடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. விடைத்தாள் திருத்தி முடித்தால் மே மாதம் எனக்கும் விடுமுறை. பத்து நாள் அதிகம் பேசாமல் இருந்தால் தொண்டை ஆறும். கச்சான் காற்று பலத்து வீசித் தகரக் கூரையை ஆட்டுவதற்குள் பாடிவிட வேண்டும். ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, முதுகுக்குப் பின்னால் போர்வையைக் கட்டி, இரண்டு மே மாதங்களில் நான்கு பாட்டு. பதிவு முடிந்ததும் மைக்கை ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு டப்பாவில் அடைத்துவிடுவேன். உப்புக்காற்று பட்டால் இரையத் தொடங்கிவிடும்.

பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர். தடைக்காலத்தில் வீட்டில்தான் இருப்பார். "பாட்டு முடிந்ததா டீச்சர்? கொஞ்சம் ஆணி அடிக்க வேண்டும்" என்று கேட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுப்பார். அவருக்கு வருமானம் இல்லாத நாள்களின் அமைதியில் நான் பாடுகிறேன். எழுதும்போதே கூசுகிறது.

"சம்பளமும் வாங்கிக்கொண்டு பாட்டு வியாபாரமா?" என்று யாராவது கீழே கேட்பீர்கள். எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கியிருக்கிறேன். போன ஆண்டு இணையத்திலிருந்து வந்த தொகைக்கு நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ வாங்கலாம், அவ்வளவுதான். நீங்கள் அரசுப் பள்ளி என்றால் 1973ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளைப் படித்துவிட்டு, முதலில் விண்ணப்பம் கொடுங்கள்.

இதைக் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்றார்கள். மொத்தமே 55 வினாடி. எங்கள் பள்ளியில் பாடத் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, இன்றுவரை பென்டிரைவ்தான் பாடுகிறது. ஒரே ஒரு முறை, பரிசளிப்பு விழாவன்று மாலை, அது தொலைந்துபோய் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அன்று எனக்கு ஐந்து பாடவேளையும் முடிந்திருந்தது.