பதித்த பலகையைத் திருப்ப முடியாதா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஹாலுக்கு ஓக் எஞ்சினியர்டு வுட் (பிளைவுட் மேல் அசல் மரம் ஒட்டிய பலகை) தரை போட்டோம். பிற்பாடு தேய்த்து பாலிஷ் போடுகிற மாதிரி வேண்டும் என்று கடையில் சொன்னேன். "மேல் ஓக் 3 மி.மீ., கவலைப்படாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டார்கள். ரசீதில் "14 மி.மீ. ஓக்" என்று மட்டும் இருக்கிறது. சோபா நகர்த்தியதில் கீறல் விழ, சாண்டிங் ஆளைக் கூப்பிட்டேன். மிச்சப் பலகையின் வெட்டு முனையைப் பார்த்துவிட்டு, ஓக் 1 மி.மீ. கூட இல்லை, மெஷின் வைத்தால் பிளைவுட் தெரியும் என்கிறார். கடைக்காரரோ, பதித்துவிட்டதைத் திருப்ப முடியாது என்கிறார். வாங்கி நாலு மாதம் ஆகிறது. மொத்தச் செலவு 46,000 ராண்ட்.

பதில்: அம்மா, முதல் வேலை, அந்த மிச்சப் பலகையைப் பத்திரமாக வையுங்கள். தரையில் மெஷின் வைக்க விடாதீர்கள். அப்புறம் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள்.

14 மி.மீ. என்பது அடிப் பிளைவுட்டையும் சேர்த்த மொத்தத் தடிமன். அதைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார். ஒரு பலகையை எத்தனை தடவை தேய்க்கலாம் என்பதை முடிவு செய்வது மேலே ஒட்டிய அசல் மரம்தான். 3 மி.மீ. இருந்தால் ஓரிரு தடவை தாங்கும், 6 மி.மீ. என்றால் இன்னும் பல தடவை. உங்களுடையது ஒரு தடவைக்கே ஆகாது. கீறலுக்குக் கடைக்காரர் பொறுப்பில்லை, அதைக் கடிதத்தில் இழுக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 55-ஆம் பிரிவு: எதற்காக வாங்குகிறோம் என்று குறிப்பாகச் சொல்லி, விற்பவரும் விவரம் தெரிந்தவராக நடந்துகொண்டால், பொருள் அந்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும். நீங்கள் கேட்டதற்கும் அவர்கள் சொன்னதற்கும் வாட்ஸ்அப் சாட்சி. மின்னணுச் செய்தி என்பதாலேயே அதைக் கோர்ட் தள்ளிவிட முடியாது. போனை மாற்றுவதற்கு முன் தேதியோடு பிரிண்ட் எடுங்கள்.

பொருத்திய பொருளைத் திருப்பக் கூடாது என்ற விதி சட்டத்தில் உண்டுதான். ஆனால் அது 20-ஆம் பிரிவு தரும் திருப்பும் உரிமைக்கான விதிவிலக்கு. நீங்கள் போக வேண்டியது, 55-ஆம் பிரிவு கேட்கும் தரம் இல்லாத பொருளுக்கான 56-ஆம் பிரிவு. டெலிவரியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்வு செய்வது நீங்கள். திருப்பி எடுக்கும் செலவு அவர்களுடையது. பதித்த கூலி கிடைக்குமா என்பது வாதாட வேண்டிய விஷயம், கேட்டு வையுங்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்தான். பதித்த தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். பலகையை வெர்னியரால் அளந்து, அளவு தெரிய போட்டோ எடுத்து இணையுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட்ஸ்மேனிடம் (புகாரை விசாரித்துத் தீர்த்து வைப்பவர்) போகலாம், கட்டணம் இல்லை. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்டுக்கு மேல் கேட்க முடியாது. மீதியை விட்டுக்கொடுத்துத்தான் அங்கே போக வேண்டும். 46,000-க்கு அது கட்டுப்படியாகாது. ஆம்பட்ஸ்மேனிடமும் தீராவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். அதற்கு மட்டும் ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.