குன்னூரில் புது வீடு. சுவரில் இலை, செடிப் படங்கள் மாட்ட ஆசை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் எப்படிச் செய்வது?

சுவரைச் சோதிக்காமல் மாட்டினால் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். சமவெளி வீடுகளுக்குச் சொல்லும் அலங்கார யோசனைகளில் பாதி மலையில் செல்லாது. இங்கே வெளிச்சுவர் எப்போதும் குளிர்ந்து கிடக்கும். சமையல் ஆவியும் வெந்நீர் ஆவியும் கலந்த வீட்டுக் காற்று படத்தின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, அந்தக் குளிரில் நீராகப் படியும். காற்று ஓடாத இடுக்கு என்பதால் அது காயாது.

அதனால் முதல் வேலை சுவர்ச் சோதனை. மழை நாளில் 45 செ.மீ. சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவர்ப் பக்கம், நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளேயே ஓதம் இருக்கிறது. வெளி விரிசல், கூரைத் தண்ணீர், குழாய்க் கசிவு எதுவென்று பார்த்துச் சரிசெய்யும்வரை அங்கே எதையும் மாட்டாதீர்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் அதுவும் கொப்பளித்து உரியும். தாளின் வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றினுடையது, அதைச் சமாளிக்கலாம். புதுப் பூச்சு என்றால், ஒரு வறண்ட பருவம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை, கழியட்டும்.

திசையும் முக்கியம். உதகை, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும் சுவரைத் தவிர்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழைதான் கனம். அதனால் உங்கள் வீட்டில் வடகிழக்குச் சுவர் வேண்டாம். இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் உள்சுவர்தான் எல்லாவற்றையும்விட நல்லது. எங்கே மாட்டினாலும் பிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் 1 செ.மீ. தடிமனுள்ள கார்க் அல்லது ரப்பர் துண்டு ஒட்டுங்கள். பின்னால் காற்று ஓட இந்த இடைவெளி போதும். ஆணிக்குப் பதில் ராவல் பிளக்கும் (சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை) துருப்பிடிக்காத ஸ்டீல் திருகும் போடுங்கள். இரும்பு ஆணி ஒரே மழைக்காலத்தில் சுவரில் பழுப்புக் கோடு இறக்கிவிடும்.

இனி, அழுத்திக் காயவைத்துப் பிரேம் போடுவதற்கான இலைகள். சோலைக்காட்டிலிருந்து எதையும் பறிக்காதீர்கள். காப்புக்காட்டில் பறிப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். அங்குள்ள பெரணியும் பாசியும் மழைநீரைப் பிடித்து வைப்பவை, பிய்த்த இடம் மறுபடி மூட வெகுகாலம் ஆகும். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இலையே போதும். பெரணி போலப் பிளவுபட்டது, அடிப்புறம் வெள்ளி நிறம். ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைக் கவிழ்த்தும் வைத்தால் ஒரே மரத்தில் இரண்டு நிறம் கிடைக்கும். தொட்டியில் வளர்த்த பெரணியும் ஹைட்ரேஞ்சாவின் தனி இதழ்களும் நன்றாக அழுந்தும். சதைப்பற்றுள்ளவை வேண்டாம், உள்ளே அழுகும்.

பனி ஈரம் முழுக்க வற்றிய பின், பதினொரு மணிக்கு மேல் பறியுங்கள். செய்தித்தாள் மடிப்புகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே 8 முதல் 10 கிலோ பாரம் வையுங்கள். முதல் நான்கு நாள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தாள் மாற்ற வேண்டும். இலை பழுப்பாவதற்குக் காரணம் மெதுவாகக் காய்வதுதான். மலையில் மாற்றுத் தாளே ஈரமாக இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இஸ்திரி போட்டுச் சூடாக்கி, ஆறியதும் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் உண்டு.

காய்ந்ததைப் பாலிதீன் உறையில் மூடி, ஒரு வாரம் ஃப்ரீசரில் -18 டிகிரியில் வையுங்கள். பூச்சி, முட்டை இரண்டும் சாகும். வெளியே எடுத்த உறையை ஒருநாள் முழுக்கத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் குளிர்ந்த இலைமேல் நீர் கோத்து, பட்ட பாடெல்லாம் வீண்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை வேண்டாம், வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. காம்பின்மேல் மெல்லிய காகிதப் பட்டை வைத்து, பட்டையின் இரு முனையை மட்டும் அமிலமில்லாத வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். கண்ணாடி இலையில் படாதபடி நடுவே 2 மி.மீ. மவுன்ட் போர்டு (இலையைச் சுற்றிச் சட்டம்போல் வைக்கும் தடித்த அட்டை) வேண்டும். பின்பலகையாகக் கடைக்காரர் தரும் ஹார்ட்போர்டு ஈரத்தில் உப்பும். சன்பேக் ஷீட் என்ற பிளாஸ்டிக் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி, மவுன்ட், சன்பேக் மூன்றின் ஓரத்தையும் சுற்றி அலுமினிய டேப் ஒட்டிய பிறகே பிரேமுக்குள் செருக வேண்டும். இதை வெயில் அடிக்கும் நண்பகலில் செய்யுங்கள். மூடுபனி நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துச் சிறை வைத்ததாகிவிடும்.

இவ்வளவு உழைப்பு முடியாதென்றால் அச்சுப்படம் போடலாம். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1846 முதல் 1851 வரை சென்னையில் வெளியிட்ட 'ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ்' என்ற நூல் நீலகிரிச் செடிகளின் வண்ணப் படங்கள் கொண்டது. பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இறக்கலாம். வைட்டுக்காகச் செடிகளை வரைந்த ரங்கய்யா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்களின் பெயரைப் படத்தின் கீழே சிறிய எழுத்தில் போட்டால் மகிழ்வேன். ஏ4 அளவுக்கு 2480 × 3508 பிக்சலாவது இருக்கட்டும். எளிதில் வெளுக்காத பிக்மென்ட் மையில் அச்சிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடுவதால், சாதாரண மை சன்னல் எதிரில் சீக்கிரம் வெளுக்கும்.

விளம்பரங்களில் வரும் 'பிரிசர்வ்டு' (பதப்படுத்திய) பாசிச் சுவரை மட்டும் குன்னூரில் வாங்க வேண்டாம். கிளிசரின் ஏற்றிய பாசி அது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் கிளிசரின் நீரை இழுத்துக் கசியும், பச்சைச் சாயமும் சேர்ந்து சுவரில் வழியும்.

மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும், சோபாவுக்கு மேலே என்றால் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி. கணப்படுப்பின் மேல் வேண்டாம், சூடும் கரியும் ஆகாது. டிசம்பரில் மழை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். சுவரில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்தப் படத்தை உள்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.