இடியின் சங்கீதம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். தினமும் காலையில் ஆயிரம் ஸ்தோத்திரம், அதாவது தேவனைத் துதிக்கும் ஆயிரம் வரிகள், சொல்லி முடிக்கிறேன். நாக்குதான் ஓடுகிறது, மனம் அடுப்படியில் இருக்கிறது. தேவனுடைய மகத்துவத்தில் மனம் லயிக்க என்ன செய்வது? இடியைக் கர்த்தருடைய சத்தம் என்று பாடும் வேதாகமத்தின் 29-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் நர்கீஸ் புயலுக்குப் பிறகு அம்மாவுக்கு இடிச் சத்தம் கேட்டாலே நடுக்கம். அந்தச் சத்தத்தில் மகிமையை எப்படிப் பார்ப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

ஆயிரத்தை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். ஒன்றுக்கு மூன்று விநாடி என்றாலும் மொத்தம் 50 நிமிடம் ஆகிறது. ஆனால் ‘சர்வவல்லவரே’ என்ற சொல் மனதில் இறங்க மூன்று விநாடி போதாது. அதற்குள் அடுத்தது வந்து தள்ளிவிடுகிறது.

29-ஆம் சங்கீதம் 11 வசனம்தான். எபிரெயத்தில் கர்த்தரின் பெயர் அதில் 18 தடவை வருகிறது. ‘கர்த்தருடைய சத்தம்’ 7 தடவை. ‘எனக்கு’ என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. அக்காலத்துக் கானானியர் இடியைத் தங்கள் புயல் தெய்வமான பாகாலின் குரல் என்று நம்பினார்கள். சங்கீதக்காரன் அந்த முழக்கத்தை உரியவரிடம் சேர்க்கிறான்.

வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். ‘கர்த்தருடைய சத்தம்’ வரும் இடமெல்லாம் நின்று, அது என்ன செய்கிறது என்று பாருங்கள். கேதுரு மரங்கள் முறிகின்றன. நமக்குத் தேக்கு எப்படியோ அப்படி அவர்களுக்குக் கேதுரு. சாலொமோன் ஆலயத்துக்கே லெபனோனிலிருந்து வரவழைத்த மரம். அந்த லெபனோன் மலையே கன்றுக்குட்டிபோலத் துள்ளுகிறது. வனாந்தரம் அதிர்கிறது. அதே சத்தத்தில் பெண்மான்கள் ஈனுகின்றன! இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

பிறகு வேதாகமத்தை மூடிவிட்டு, ‘நீர்’ என்று தொடங்கி ஐந்து வாக்கியம் சொல்லுங்கள். அவற்றில் ‘நான்’, ‘எனக்கு’, ‘என்’ எதுவும் வரக்கூடாது. மூன்றாவதில் அநேகமாகத் தடைபடும். அப்போதுதான் நாம் சட்டென்று வாடகை, வியாதி, பிள்ளை படிப்பு என்று விண்ணப்பங்களுக்குத் தாவுகிறோம். தாவாமல் அதே வசனத்துக்குத் திரும்பிப் போங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். விண்ணப்பங்கள் அதன்பின் வரட்டும். கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்திலும் அப்பத்துக்கு முன்னால் அவருடைய நாமமும் ராஜ்யமும் சித்தமும் வருகின்றன.

கண்ணீர் வரவில்லை, சிலிர்ப்பு இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். முதல் இரண்டு வசனங்கள் மகிமையைச் ‘செலுத்துங்கள்’ என்றுதான் கட்டளையிடுகின்றன. செலுத்துவது வறண்ட மனதோடும் முடியும். உணர்ச்சியைத் தேடிப் போகிறவர் கடைசியில் தன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு இந்த முறை வேண்டாம். 2008 மே மாதத்தில் நர்கீஸ் புயலில் 1,30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போன தேசம் இது. அந்தக் காற்றை இன்னார்மேல் வந்த தண்டனை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று ஆண்டவரே சொன்னார். ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசிக்கு முன் பெருங்காற்று கன்மலைகளை உடைத்தது. கர்த்தர் அந்தக் காற்றில் இருக்கவில்லை.

அம்மாவுக்குச் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். கர்த்தர் ஜலப்பிரவாகத்தின்மேல் வீற்றிருக்கிறார் என்கிறது 10-ஆம் வசனம். அங்குள்ள எபிரெயச் சொல், வேதாகமத்தில் வேறெங்கும் நோவா காலத்து வெள்ளத்துக்கு மட்டுமே வருவது. அத்தனை தண்ணீருக்கும் மேலே அவருடைய சிங்காசனம். எபிரெயத்தில் இந்தச் சங்கீதத்தின் கடைசிச் சொல் ‘சமாதானம்’.

மழை விட்ட ஒரு மாலையில் இருவருமாக மாற்கு 4-ஆம் அதிகாரத்தை 35-ஆம் வசனத்திலிருந்து 41 வரை வாசியுங்கள். சுழல்காற்றில் சீஷர்கள் பயந்தார்கள். ஆனால் ‘மிகவும் பயந்து’ என்று மாற்கு எழுதுவது காற்று அடங்கி, அமைதலுண்டான பிறகு, படகில் தங்களோடு இருந்தவரைப் பார்த்துத்தான். ‘இவர் யாரோ?’ என்று கேட்கிறார்கள். அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் எனக்கும் வேண்டும், எழுதுங்கள்.