மேடையில் சாம்பிளர் தட்டுகிறவர் இசைக்கலைஞரா, பட்டன் அமுக்குகிறவரா?

'எங்கள் ஹிப்ஹாப் குழுவில் பறைக்கும் நாதஸ்வரத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள். இனி லேப்டாப்போடு நிற்கிறவனுக்கு மேடையில் என்ன வேலை? அவனுக்கும் பங்கு தர வேண்டுமா?' இதுதானே நீங்கள் கேட்டது. அந்த லேப்டாப்போடு நிற்கிறவன் நான்தான். உங்கள் குழுவில் இல்லை, கடலூரில் வேறொரு குழுவில். ஆறு வருஷமாக நிற்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால் சொந்தக்காரர்கள் இன்னும் 'பாட்டு போடுற பையன்' என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உங்களுடையது கல்லூரிக் குழு என்று நினைக்கிறேன். கல்ச்சுரல்ஸ் வருகிறது. ராப் பாட ரெண்டு பேர், பீட் செய்ய ஒருத்தன். பறை ஆட்கள் வந்ததும் பீட் செய்தவன் பாரமாகத் தெரிகிறான். பரிசுப் பணத்தை ஆறாகப் பிரிப்பதா ஏழாகப் பிரிப்பதா என்ற இடத்தில்தான் இந்தக் கேள்வியே பிறந்திருக்கும். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள்.

முழு டிராக்கையும் ஓடவிட்டு அதன்மேல் நாலு பேர் வாயசைப்பது பிளேபேக். அதற்கு யாருக்கும் பங்கு வேண்டாம், ஒரு பென்டிரைவ் போதும். சாம்பிளர் அடிப்பது வேறு. துண்டு துண்டாக வெட்டிய சத்தங்களைப் பேடில், அதாவது விரலால் தட்டுகிற பட்டன்களில், வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு, அந்தந்த நொடியில் கையால் தட்டுவது. இன்னொன்று, நேரடி வாசிப்பு ஹிப்ஹாப்புக்குள் புதிதாக வந்த விருந்தாளியும் இல்லை. 1979-ல் ராப் முதன்முதலாக ரேடியோவில் பெரிய ஹிட்டானபோது அதன் பின்னணியை ஸ்டுடியோவில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். சாம்பிளர்கள் பெருகியது அதற்கு அப்புறம். 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற புகழ்பெற்ற சாம்பிளர் பெட்டிக்குள் மொத்தமே 10 வினாடிச் சத்தம்தான் அடங்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூணு வருஷத்துக்கு முன்னால், தை மாதம், வெள்ளி கடற்கரையில் ஒரு பொங்கல் விழா மேடை. அப்போதுதான் எங்கள் குழுவுக்குப் பறை அண்ணன் ஒருவர் தன் ஆட்களோடு வந்து சேர்ந்திருந்தார். அவர் சேருவதற்கு முன்பே, அதற்கு முந்தின சித்திரையில், பண்ருட்டிப் பக்கம் ஒரு கோயில் ஊர்வலத்தில் அவர் அடித்ததை நான் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். உச்சி வெயில், வைக்கோல் கொளுத்திக் காய்ச்சிய தோல், ஒவ்வொரு அடியும் கணீரென்று விழுந்திருந்தது. அதிலிருந்து நாலு அடியை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடுகிற லூப் ஆக்கி, ஒரு பாட்டே அதன்மேல் கட்டியிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. மேடையில் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சொன்னால் காசு கேட்பாரோ என்ற பயம்தான்.

அன்றைக்குப் பந்தல் பக்கத்தில் நெருப்பு கூடாது என்று விழாக் குழுவினர் சொல்லிவிட்டார்கள். அண்ணன் தூரத்தில் மணலில் வைத்துத் தோலைக் காய்ச்சிக்கொண்டு வந்து தயாராக நின்றார். ஆனால் மேடையில் பிரமுகர்கள் பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆனது. கடல் காற்றில் முக்கால் மணி நேரம் என்றால் பறைத்தோலுக்கு அது ஒரு மழைக்காலம். எங்களைக் கூப்பிட்டபோது தோல் தொய்ந்து தொம் தொம் என்றது. ஸ்பீக்கரில் என் லூப்போ சித்திரை வெயிலில் காய்ந்த தோல்! ஒரே ஆள், ஒரே பறை, ரெண்டு குரல்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. லூப் நிமிஷத்துக்கு 96 தட்டு. கூட்டம் கை தட்டத் தட்ட அண்ணன் கை 100, 104 என்று ஏறியது. மேடையில் நிற்கிறவர்களுக்குக் கேட்பதற்காக மைக்செட்காரர் வைத்திருந்த ஒரே மானிட்டர் ஸ்பீக்கர் ராப் பாடுகிறவன் காலடியில் இருந்தது, அண்ணனுக்கு என் பக்கம் எதுவுமே கேட்டிருக்காது. முச்சந்தியில் ரெண்டு ஊர்வலம் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்ட மாதிரி ஆனது பாட்டு. ஒரு கட்டத்தில் அவர் நிறுத்தினார். அப்போதுதான் ஸ்பீக்கரில் வருவது அவர் காதில் சுத்தமாக விழுந்தது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் சிண்டுக்குச்சியால் மூணு தட்டு தட்டி முடிப்பது அவர் பழக்கம். லூப்பிலும் அந்த மூணு தட்டு வருகிறது. ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இறங்கினதும் சண்டையெல்லாம் போடவில்லை. டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "நான் இங்க நிக்கிறேன். அப்ப பெட்டிக்குள்ள நிக்கிறது யாரு?"

என்னிடம் பதில் இல்லை. சாம்பிளிங் என்றால் இதுதான் என்று ரெண்டு வார்த்தை ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

இதே மாதிரி ஒரு வெளிநாட்டுக் கதை எனக்கு அதற்கு முன்பே தெரியும். 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் ரெக்கார்டு ஒன்றில் டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியாக ஆறேழு வினாடி வாசித்தார். உலகத்திலேயே அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட டிரம்ஸ் துண்டுகளில் அதுவும் ஒன்று. அதற்காக அவருக்கு ஒரு பைசா ராயல்டி வரவில்லை. 2006-ல் வீடு வாசல் இல்லாத நிலையில் இறந்தார். இதை யூடியூபில் பார்த்து 'அநியாயம்' என்று ஸ்டேட்டஸ் போட்டவன் நான். அதே வேலையை எங்கள் ஊரில், பேர் தெரிந்த, பிறகு என் பக்கத்திலேயே நின்று வாசிக்கப் போகிற மனுஷனுக்குச் செய்தேன்.

அப்புறம் மாற்றிக்கொண்டோம். அந்த ரெக்கார்டிங்கைத் தூக்கிவிட்டு, அண்ணன் சம்மதத்தோடு புதிதாக எடுத்தோம். காய்ச்சின உடனே ஒன்று, கால் மணி கழித்து ஒன்று, நன்றாகத் தொய்ந்த பிறகு ஒன்று என்று ஒரே அடியை மூணு பதத்தில் பதிவு செய்தது அவர் யோசனை. இப்போது மேடை ஏறும் முன் அவர் ஒரு தட்டு தட்டுவார், எந்தப் பதம் என்று கேட்டு அந்த வரிசையை எடுத்துக்கொள்வேன். மேடையில் லூப்பே கிடையாது. தனித்தனி அடிகள், கையால்தான். அவர் ஓடினால் நானும் ஓட வேண்டும். பணத்தில் அவர் குழுவின் பங்கு தனி, அவர் சத்தம் பெட்டியிலிருந்து வருவதற்கு இன்னொரு பங்கு. இது அதிகம் என்று என் குழுவிலேயே ஒருத்தன் கோபித்துக்கொண்டான். கோபித்துக்கொள்ளட்டும்.

உங்கள் லேப்டாப்காரனிடம் ரெண்டு விஷயம் சொல்லுங்கள். பஃபரை (லேப்டாப் சத்தத்தைச் சேர்த்து வைத்து வெளியே விடுகிற அளவு) 512-ல் வைத்திருந்தால் தட்டுவதற்கும் கேட்பதற்கும் நடுவே 11 மில்லிசெகண்டுக்கு மேல் போகும், பறைக்குப் பக்கத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும். 128-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 3. லேப்டாப் திணறாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்து, பறை அடியைக் கம்ப்யூட்டரில் குவாண்டைஸ் செய்ய வேண்டாம். மும்மூன்றாகப் போகிற அடியை அது நாலுநாலுக் கட்டத்துக்குள் இழுத்து உட்கார வைத்துவிடும், உயிர் போய்விடும்.

நாதஸ்வரக்காரரிடம் 'கொஞ்சம் ஸ்கேல் மாத்துங்க சார்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை வைத்துச் சன்னமாக ஏற்றி இறக்கலாமே தவிர, குழலின் சுருதி குழலோடு பிறந்தது. ரெண்டரைக் கட்டைக் குழல் என்றால் உங்கள் பீட்தான் அங்கே போக வேண்டும். மெஷினில் அது ரெண்டு நிமிஷ வேலை.

'பறையை ஹிப்ஹாப்பில் கலந்து கெடுக்கிறான்' என்று கீழே கமெண்டில் ஒருத்தர் எழுதப் போகிறார், தெரியும். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கானா, ராப், பறை, சட்டி மேளம் எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றியபோதும் இதைச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் தொடங்கினோம். கெடுக்கிறேனா இல்லையா என்று அண்ணன் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நான் இசை படித்தவன் இல்லை, பகலில் போன் டிஸ்ப்ளே மாற்றுகிறவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கலந்ததில் யாருக்கு நஷ்டம் என்று பார்த்தால் எங்களுக்குத்தான். கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டர்கூட இருக்காது. ஜூன் 21 இசை நாளுக்கு அங்கே வாசிக்கப் போனபோது ஒரு கண்டக்டர் நாலு பறைக்கும் தனித்தனி லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அதே பஸ்ஸில் ஒருத்தர் கட்டில் சட்டம் ஏற்றினார், அதற்கு டிக்கெட் கிடையாது. கேட்டால் 'அது வீட்டுச் சாமான்' என்கிறார். என் பெட்டியைத் தட்டிப் பார்த்து 'இதுல என்ன, வெடிகுண்டா' என்று கேட்டதற்குப் பஸ்ஸே சிரித்தது. திரும்பும்போது ராத்திரி கடைசி பஸ் போய்விட்டது, ஷேர் ஆட்டோவுக்கு நாங்கள் வாங்கின பணத்தில் கால்வாசி போனது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் பங்கு பிரிக்கும்போது ஆட்டோ காசை முதலில் கழித்துவிடுங்கள்.

உங்கள் ஆள் லேப்டாப்பை விட்டுத் தனி சாம்பிளர் வாங்க நினைத்தால், பழைய ரோலண்ட் எஸ்பி-404 சாம்பிளர் சில சமயம் விற்பனைக்கு வரும். வாங்கும் முன் பன்னிரண்டு பேடையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். என்னுடையதில் எட்டாவது வேலை செய்யாது.