இந்தக் கற்கள் ஏது? – நினைவுகூருதல் பற்றிச் சில கேள்விகள்

சபையில் வேதபாடம் நடத்துகிறவன் நான். "கர்த்தர் செய்ததை நினைத்துப் பாருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறோம், எப்படி நினைப்பது என்று சொல்வதில்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. பழைய அற்புதங்களைப் படித்தால் ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வருகிறது. அன்று செய்தவர் இன்று ஏன் பேசாமல் இருக்கிறார்?

தம்பி, அந்தக் கோபத்தோடேயே 77-ஆம் சங்கீதத்தைத் திறந்து படியுங்கள். "நான் தேவனை நினைத்தபோது அலறினேன்" என்கிறார் அதைப் பாடிய ஆசாப். அவருக்கும் நினைப்பு முதலில் வலியைத்தான் தந்தது. தூக்கம் இல்லை, வாய் திறந்து பேச முடியவில்லை. "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்று கேட்டே விடுகிறார். அதற்குப் பிறகுதான், 11-ஆம் வசனத்தில், "கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்" என்று தீர்மானிக்கிறார். மனம் தானாக அங்கே போகவில்லை, இழுத்துக்கொண்டு போகிறார்.

போய்ச் சேருகிற இடம் செங்கடல், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வந்த இஸ்ரவேல் ஜனங்களுக்குக் கர்த்தர் வழி திறந்த இடம். அங்கே அவர் காண்பதை நான் எத்தனை முறை படித்தாலும் நின்றுவிடுவேன்: "உமது வழி கடலிலும்... உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று." ஜனங்கள் கடலைக் கடந்தார்கள், ஆனால் நடத்தினவருடைய தடம் அன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்று உங்களுக்கும் தெரியவில்லை. அதை வைத்து அவர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆசாப்பின் பிரச்சினை தீர்ந்ததாக அந்தச் சங்கீதம் சொல்லவே இல்லை. ஆனாலும் அவருடைய பேச்சு மாறிவிட்டது. முதலில் "நான், நான்" என்று புலம்பியவர் கடைசியில் "நீர், உமது" என்று பேசுகிறார்.

"முந்தினவைகளை நினைக்கவேண்டாம்" என்று ஏசாயா 43:18 சொல்கிறதே?

அதற்கு முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். கடலிலே வழியை உண்டாக்கினவர் என்று கர்த்தரை அடையாளம் காட்டிவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார். முன்பு கடலில் வழி, இப்போது, அடுத்த வசனத்தில், வனாந்தரத்தில் வழி. அதே விதத்தில்தான் செய்வார் என்று அவரைக் கட்டிப்போடாதீர்கள் என்பதே பொருள். 46:9-ல் அதே புத்தகம் "முந்தி பூர்வகாலத்தில் நடந்தவைகளை நினையுங்கள்" என்கிறது.

சாட்சி சொல்லும் நேரத்தில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன். நினைத்துப் பார்க்க என் வாழ்க்கையில் அற்புதம் எதுவும் இல்லை.

சகோதரி, உபாகமம் 26-ஐப் பாருங்கள். கானானில் முதற்பலனை, அதாவது முதல் விளைச்சலை, கூடையில் கொண்டுவருகிறவன் என்ன அறிக்கை செய்ய வேண்டும்? "எகிப்தியர் எங்களை ஒடுக்கி..." அவன் எகிப்தைப் பார்த்தே இல்லாதவனாக இருக்கலாம். ஆனாலும் "எங்களை" என்றுதான் சொல்ல வேண்டும். முன்னோர்களுக்கு நடந்தது அவனுடைய சொந்தச் சாட்சி ஆகிறது.

திருவிருந்திலும் இதுதான் நடக்கிறது. "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்றார் இயேசு. அந்த அப்பத்தைக் கையில் வாங்கும்போது, சிலுவையும் காலியான கல்லறையும் உங்கள் சாட்சி. தனிப்பட்ட அற்புதங்களையே பெரிதாகப் பேசிப் பேசி, நாம்தான் உங்களைப் போன்றவர்களைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எங்கள் சபையில் பெரியவர்கள் "அந்தக் காலத்து எழுப்புதல்" (சபையே விசுவாசத்தில் விழித்தெழுந்த நாட்கள்) பற்றியே பேசுகிறார்கள். இதுவும் நினைவுகூருதல்தானா?

எல்லா நினைப்பும் விசுவாசத்தை வளர்க்காது. எண்ணாகமம் 11-ல் ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுதார்கள், செங்கல் அறுத்த அடிமைத்தனம் மறந்துபோயிற்று. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் நினைத்துப் பாருங்கள். பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள், உயிர் காத்த அடையாளம்தான் அது. பிற்காலத்தில் அதற்கே தூபம் காட்ட ஆரம்பித்ததால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். பெரியவர்கள் பேசும்போது கேளுங்கள், அப்புறம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "அந்தக் கர்த்தரை நம்பி இன்று நாம் என்ன செய்யலாம்?" தாவீது அப்படித்தான் யோசித்தான். சிங்கத்துக்கும் கரடிக்கும் தப்புவித்தவர் இந்தப் பெலிஸ்தனான கோலியாத்துக்கும் தப்புவிப்பார் என்று சொல்லிவிட்டுப் போருக்குப் போனான்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

ஜனங்கள் யோர்தான் நதியைக் கடந்தபோது அதிலிருந்து எடுத்த 12 கற்களை யோசுவா கில்காலில் நாட்டினார், பிள்ளைகள் "இது ஏது?" என்று கேட்கும்படி. அவர்கள் கேட்கும்படி ஏதாவது ஒன்றை வீட்டில் வையுங்கள். கேட்டபின் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

ஜெபக் குறிப்புகளை நோட்டில் எழுதிவைக்கலாமா?

தாராளமாக. தேதி போட்டு எழுதுங்கள். பதில் வராத ஜெபங்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஆசாப் அலறலையும் செங்கடலையும் ஒரே சங்கீதத்தில்தானே வைத்தார்.