முதல் வாரம் வெறும் தண்ணீர்: லேப் பாதுகாப்பு பற்றி ஒரு வேதியியல் டீச்சரிடம் கேட்டவை

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் பாதிப் பேர். லேப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டதில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மீதிக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், நான் மறையூரில் இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். லேப் விதிகளைப் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறேன். ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பலகையை யாரும் படிக்க மாட்டார்கள், தம்பி. நான் படித்த காலத்திலும் பலகை இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கு ஒரு வரி சொல்லத் தெரியாது.

நான் முதல் வாரம் தண்ணீரைத் தவிர எதையும் கையில் கொடுப்பதில்லை. தண்ணீரை பிப்பெட்டில் (அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழல்) எடு, பியூரெட்டில் (அளவுக் கோடு போட்ட, அடியில் திருகு உள்ள நீளக் குழல்) நிரப்பு, சொட்டுச் சொட்டாக விடு, பாட்டிலிலிருந்து சோதனைக்குழாயில் ஊற்று. கடைசி நாள், சோதனைக்குழாயில் கால்வாசி தண்ணீரைச் சூடாக்கச் சொல்வேன். குழாயைச் சாய்த்துப் பிடித்து, வாயை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பி, ஆட்டிக்கொண்டே காட்ட வேண்டும் என்று சொல்லியிருப்பேன். யாராவது ஒருவன் ஆட்டாமல் ஒரே இடத்தில் அடியைக் காட்டுவான். தண்ணீர் சட்டென்று துள்ளி வெளியே பாய்ந்து சுவரில் அடிக்கும். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு குழாயின் வாயை யார் முகத்துக்கு நேராகவும் நீட்ட மாட்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி எல்லாரும் போட்டிருக்க வேண்டும், அன்றைக்கும்.

ஒரு வாரம் போய்விடுமே என்று நினைக்காதே. பின்னால் டைட்ரேஷனில், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு அளவு கண்டுபிடிக்கிற சோதனையில், அந்த வாரம் திரும்பக் கிடைத்துவிடும்.

நாங்கள் படிக்கும்போது பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சினோம். ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஏன் இவ்வளவு கெடுபிடி? (வேலந்தாவளம், ஒரு பெற்றோர்)

நானும் வாயால் உறிஞ்சியவள்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம், பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டே உறிஞ்சினேன். பிப்பெட்டின் நுனி கரைசலை விட்டு மேலே வந்துவிட்டது. அவ்வளவுதான், காற்று புகுந்து மொத்தமும் வாய்க்குள். சோடியம் ஹைட்ராக்சைடு, நல்ல நேரம், நீர்த்தது. நாக்கு வழுவழுவென்று ஆகி இரண்டு நாள் சோறு ருசிக்கவில்லை. ஆக்சாலிக் அமிலமாக இருந்திருந்தால் விஷம்.

அதனால் பிப்பெட்டின் மேல் நுனியில் மாட்டி உறிஞ்சுகிற ரப்பர் பல்புதான். மூன்று வால்வு உள்ள பல்பில் ஏ என்பது காற்றை வெளியேற்ற, எஸ் என்பது உறிஞ்ச, இ என்பது இறக்க. ஆனால் பல்பு வந்த பிறகு புதிதாக ஒரு காயம் வந்திருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பிப்பெட்டை நடுவில் பிடித்துக்கொண்டு பல்புக்குள் பலமாக அழுத்துவார்கள். கண்ணாடி ஒடிந்து உள்ளங்கையில் ஏறும். மேல் நுனிக்கு ஒரு அங்குலம் கீழே பிடி, நுனியைத் தண்ணீரில் நனை, லேசாகத் திருகு. ஆழமாகச் செருக வேண்டியதே இல்லை, காற்றுப் போகாமல் ஒட்டினால் போதும்.

இன்னொன்று, பிப்பெட் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக்கூடாது. அந்தச் சொட்டைக் கழித்துத்தான் 20 மிலி என்று கோடு போட்டிருக்கிறார்கள்.

நென்மாறையில் ரப்பர் ஷீட் அடிக்கிறோம். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீரோடு எப்படிக் கலந்தாலும் ஒன்றும் தெறிப்பதில்லை. ஆனால் பையன், ஆசிட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது என்கிறான். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறீர்கள். ஃபார்மிக் ஆசிட் தண்ணீரோடு சேரும்போது வெளிவரும் சூடு குறைவு, அதனால் தப்பித்தீர்கள். அடர் சல்ஃப்யூரிக் வேறு ரகம். அது தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனம். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேலேயே நின்று, சேரும் இடத்தில் அந்தச் சூட்டில் அப்படியே கொதித்து, ஆசிட்டையும் இழுத்துக்கொண்டு தெறிக்கும். காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் பார்த்திருப்பீர்கள், அதே கதை. மாற்றிச் செய்தால், அதாவது நிறையத் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிக்கொண்டே விட்டால், அது அடியில் இறங்கிப் பரவும், சூட்டையும் அவ்வளவு தண்ணீர் பங்கு போட்டுக்கொள்ளும். பீக்கரைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பள்ளியில் இந்த நீர்த்தல் வேலையைப் பிள்ளைகள் செய்யத் தேவையில்லை. நானோ லேப் அசிஸ்டன்டோ முன்கூட்டியே செய்து வைத்துவிடுவோம்.

அப்புறம், தெறிக்கவில்லை என்பதற்காக ஃபார்மிக்கை லேசாக எண்ணாதீர்கள். ரப்பருக்கு வாங்குவது பெரும்பாலும் 85 சதவீதம். தோலில் கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

லேபிளில் எந்த மொழி போடுவது, டீச்சர்? பிள்ளைகளுக்குத் தமிழ் வரும், ஆங்கிலம் தடுமாறும், அசிஸ்டன்டுக்கு மலையாளம் மட்டும்தான்.

எல்லைப் பக்கத்து லேப் எல்லாவற்றிலும் இருக்கும் வம்பு இது. நாம் கரைசல் என்போம், அவர்கள் லாயனி என்பார்கள். ஒரு வருடம் ஒரு பையன், "காரம்னா கையில பட்டா எரியும்தானே டீச்சர், மிளகாய் மாதிரி?" என்று கேட்டான். முழுக்கத் தப்பும் இல்லை. ஆனால் வேதியியலில் நாம் காரம் என்கிற சோடியம் ஹைட்ராக்சைடு முதலில் எரியாது, சோப்புப் போல வழுக்கும். எரிவதற்குள் தோல் போயிருக்கும். அவன் மிளகாய் எரிச்சலுக்காகக் காத்திருந்திருப்பான்.

நான் செய்வது இதுதான்: மேலே பெரிதாக வேதியியல் வாய்பாடு, அதற்குக் கீழே தமிழிலும் மலையாளத்திலும் பெயர், அடர்வா நீர்த்ததா என்பது, தயாரித்த தேதி. பக்கத்தில் சிவப்புச் சாய்சதுர அபாயக் குறி. கையும் உலோகமும் அரிக்கும் படம், தீப்படம், மண்டையோடு, இந்த மூன்றையும் முதலில் பழக்குங்கள். படத்துக்கு எந்த மொழியும் தேவையில்லை. ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். வழிகிற சொட்டு எழுத்தை அழிக்காது.

பாலக்காட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் பர்னர் நிற்பதே இல்லை. ஜன்னலை எல்லாம் சாத்திவிடலாமா? (எருத்தேம்பதி)

சாத்தாதீர்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கிற கணவாய் நமக்குக் கொடுத்த சீதனம் அது, லேப்புக்குள்ளும் வந்துதான் தீரும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்க ஜன்னல்களை மட்டும் சாத்துங்கள், மறுபக்கம் திறந்தே இருக்கட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். பர்னர் மேசைகளைச் சாத்திய ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.

சுடர் அணைந்துபோய் வாயு வந்துகொண்டே இருப்பதுதான் உண்மையான பயம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், மேசைக்கு அடியில், தரையில் தேங்கும். நின்றுகொண்டிருப்பவருக்கு வாசனை லேசாகத்தான் வரும். முதலில் குழாயையும் சிலிண்டரையும் அடை, கதவைத் திற, சுவிட்ச் எதையும் தொடாதே. ஃபேன் சுவிட்சையும்தான். ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், நின்றிருந்தால் நிற்கட்டும்.

பர்னர் "புஸ்" என்று இரைந்து சுடர் குழலுக்குள்ளேயே எரிந்தால், காற்றுத் துளை அதிகம் திறந்திருக்கிறது அல்லது வாயு குறைவு. வாயுவை மூடி, குழல் ஆறியதும், துளையைக் குறைத்துப் பற்றவையுங்கள். ஆறுமுன் தொட்ட தழும்பு என் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

ஆசிட் பட்டால் உடனே சோடா உப்புப் போடலாமா? வீட்டில் டூத் பேஸ்ட் போடச் சொல்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம். தண்ணீர், நிறையத் தண்ணீர், ஓடுகிற தண்ணீர். சூடு பட்டதற்கு 20 நிமிடம். கண்ணில் எது விழுந்தாலும் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி. ஐஸ், மாவு, காப்பித்தூள் எதுவும் கூடாது. அடர் சல்ஃப்யூரிக்கை முதலில் துணியால் துடை என்று பழைய ஏடுகளில் இருக்கும். துணி தேடுகிற நேரத்தில் தோல் போய்விடும், நேரே தண்ணீருக்கு ஓடு.

ஆனால் நம் கிழக்குப் பகுதி மழைநிழல், மழை குறைவு. பிப்ரவரி தாண்டினால் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். இதை எந்தக் கையேடும் எழுதவில்லை. காலையில் லேப் திறந்ததும் முதல் வேலை, குழாயைத் திறந்து பார்ப்பது. கதவோரம் மூடி போட்ட ஒரு டிரம் நல்ல தண்ணீர், மேலே ஒரு செம்பு. அதிலிருந்து பாத்திரம் கழுவ எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இரண்டும் காலி என்றால் அன்றைக்கு லேப் கிடையாது, கரும்பலகைதான்.

பாதுகாப்புக் கண்ணாடியா கையுறையா, காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

கண்ணாடி, யோசிக்கவே வேண்டாம். பவர் கண்ணாடி போட்ட பிள்ளைக்கும் அதன் மேல் தனியாக வேண்டும், பக்கவாட்டில் அது மூடாது. 40 பேருக்கு 20 இருந்தால் பாதிப் பேர் லேப், பாதிப் பேர் கணக்கு என்று பிரித்துவிடுங்கள்.

கையுறை சில சமயம் பொய்யான தைரியம் கொடுக்கும். கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர், 1996இல் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் சில சொட்டு லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்ததால் அடுத்த வருடமே இறந்துபோனார். கையுறை இருந்தது, அது அந்தப் பொருளைத் தடுக்கவில்லை. பள்ளியில் அப்படிப்பட்ட பொருள் கிடையாது. ஆனாலும் கையுறையோடு பேனாவையும் போனையும் கன்னத்தையும் தொடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன்.

செருப்பு? துப்பட்டா? டிஃபன்?

மூடிய ஷூ. துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக் கோட்டுக்குள் விடு, பின்னலையும்தான். டிஃபன் வராந்தாவோடு சரி.

சால்ட் அனாலிசிஸில் (கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கிற சோதனை) ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம் முதலில் குமட்டுகிறது, அப்புறம் தெரிவதே இல்லை. பழகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

பழகவில்லை, மூக்கு செத்துப்போகிறது. அளவு கூடினால் அந்த வாயு மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றது என்றால் வாயு நின்றது என்று அர்த்தமில்லை. அந்த வாயுவைத் தயாரிக்கிற கிப் கருவி வெளி வராந்தாவிலோ, வாயுவை வெளியே இழுக்கிற ஃப்யூம் கப்போர்டிலோ இருக்கட்டும், ஒரு நேரத்துக்கு ஒருவர், சில குமிழிகள் போதும். வாயுவை முகரச் சொல்லும்போது குழாயை மூக்குக்குக் கொண்டுபோகாமல், கையால் விசிறிக் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சயின்ஸ் கிளப்புக்கு மெத்தனால் ஊற்றி வண்ண வண்ணச் சுடர் காட்டலாமா? வீடியோவில் பிரமாதமாக இருக்கிறது.

வேண்டாம். அந்த விளையாட்டில் அமெரிக்காவில் எத்தனையோ பிள்ளைகள் வெந்திருக்கிறார்கள். சுடர் அணைந்த மாதிரி தெரியும், பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள், தீ பாட்டிலுக்கே தாவி எதிரே உட்கார்ந்திருப்பவன் மேல் பாயும். ஐஸ் குச்சிகளை ஒவ்வொரு உப்புக் கரைசலிலும் ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பர்னரில் காட்டுங்கள். ஸ்ட்ரான்சியத்துக்குச் சிவப்பு, தாமிரத்துக்குப் பச்சை. சோடியத்தைக் கடைசியில் காட்டுங்கள், அந்த மஞ்சள் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும்.

ஈய நைட்ரேட் மிச்சத்தை சிங்க்கில் விடலாமா?

லேப்புக்குப் பின்னால் கிணறு இருக்கிறதா இல்லையா? ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக் எல்லாம் மூடி போட்ட தனி டப்பாவில், பெயர் எழுதி. நீர்த்த ஆசிட், காரம் மட்டும் நடுநிலையாக்கித் தண்ணீரோடு விடலாம்.

டீச்சர், நான் பிளஸ் டூ. பியூரெட் முன்னால் நின்றாலே கை நடுங்குது. ராத்திரி தூக்கமே வரல.

கண்ணு, வீட்டில் ஒரு ஸ்ட்ராவும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொள். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேலே ஆள்காட்டி விரலால் அடைத்துத் தூக்கு. கட்டைவிரல் வேண்டாம். விரலை இம்மியளவு தளர்த்தி ஒரு சொட்டு மட்டும் விடு, மறுபடி அடை. பிப்பெட்டும் விரலுக்கு அதே வேலைதான். பியூரெட்டுக்கு, இடது கையால் குமிழை (திறந்து மூடும் திருகை) சுற்றிப் பிடித்துத் திருப்பு, வலது கை குடுவையைச் சுழற்றட்டும். பெர்மாங்கனேட் ஊதா நிறத்தில் அடர்த்தியாக இருப்பதால் அளவைப் படிக்க அதற்கு மட்டும் கரைசல் வளைவின் கீழ் விளிம்புக்குப் பதிலாக மேல் விளிம்பைப் பார். கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும், ஸ்டூல் மேல் ஏறாதே, பியூரெட்டைக் கீழே இறக்கு.

நாலு நாள் ஸ்ட்ராவில் பழகினேன் டீச்சர், நடுக்கம் குறைஞ்சிடுச்சு. ஆனா மூணு தடவையும் ரீடிங் வேற வேறயா வருது. முதல்ல 14.2, அப்புறம் 13.6, அப்புறம் 14.

முதலில் பியூரெட்டின் கீழ் நுனியைப் பார். குமிழுக்குக் கீழே காற்றுக் குமிழி நின்றிருந்தால், நடுவில் அது வெளியேறி அரை மிலி வரை ஏமாற்றும். குமிழை முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டு அதைத் துரத்து. அது இல்லையென்றால், நிரப்பிய புனலை மேலேயே விட்டிருப்பாய். அதிலிருந்து ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். பெர்மாங்கனேட் விடுகிற குடுவையில் உள்ள ஆக்சாலிக் கரைசலை 60 டிகிரிக்குச் சூடாக்கினாயா, ஆறவிட்டாயா என்பதையும் பார். நாளைக்குப் புனலை எடுத்துவிட்டுச் செய், என்ன வந்தது என்று எழுது.